பெர்செஃபனி கதையை 'காதல்'னு சொன்னது யாரு? கிரேக்கக் காதல் கதைகளை கிளாஸ்ல நடத்துறது பத்தி ஒரு எளிய விளக்கம்

கிரேக்கப் புராணக் காதல் கதைகள்னு, அதுலயும் பாதாள ராஜா ஹேடீஸ் பெர்செஃபனிங்கிற பொண்ணைத் தூக்கிட்டுப் போன கதைன்னு பேச்சை எடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒண்ணு, "பாதாளத்து ராஜாவே ஒரு பொண்ணுக்காக எப்படி உருகுறான் பாரு"ன்னு பாட்டுப் போட்டு ரீல்ஸ் விடுற கோஷ்டி. இன்னொண்ணு, "இதெல்லாம் பொண்ணைத் தூக்கிட்டுப் போற கதை, இதைப் போய் பசங்களுக்கு நடத்துறாங்களே"ன்னு கொதிக்கிற கோஷ்டி. ரெண்டு பேரும் எதிரும் புதிருமா இருக்குற மாதிரி தெரியும், ஆனா அடியில ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நம்புறாங்க: 'அந்தக் கதை'ன்னு ஒண்ணு மாறாம எங்கயோ இருக்கு, அது ஒண்ணு காதல் கதையா இருக்கணும் இல்ல கடத்தல் கதையா இருக்கணும்னு. அந்த நம்பிக்கைலதான் கோளாறு.

இது நெட்ல மட்டும் நடக்குற சண்டையும் இல்ல. நியூயார்க்ல கொலம்பியா யுனிவர்சிட்டில முதல் வருஷப் பசங்க கட்டாயம் படிக்கணும்னு ஒரு இலக்கிய கோர்ஸ் இருக்கு, 1937-ல இருந்து நடக்குது, அதுல ரோமன் கவிஞர் ஓவிடோட 'மெட்டமார்ஃபோசிஸ்' பாடமா இருந்துச்சு. 2015-ல அங்க மாணவர் பத்திரிகைல சில ஸ்டூடண்ட்ஸ் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு மாணவி கிளாஸ்ல பெர்செஃபனி, டாஃப்னி (ஒரு தெய்வம் துரத்துற பொண்ணு) கதைகளைப் படிச்சப்போ ரொம்ப பாதிக்கப்பட்டாங்க, புரொஃபசரோ மொழியழகு, வர்ணனை அழகுன்னே பேசிட்டு இருந்தார்னு. அவங்க கேட்டது முன்கூட்டி ஒரு எச்சரிக்கையும், நடத்துறவங்களுக்குக் கொஞ்சம் பயிற்சியும், மனசுல பட்டதைச் சொல்ல ஒரு வழியும். ஆனா வெளில பரவினது "ஓவிடைத் தடை பண்ணச் சொல்றாங்க"ன்னு. அப்புறம் என்ன, இந்தக் காலத்துப் பசங்க ஒண்ணையும் தாங்க மாட்டாங்கன்னு ஒரு பக்கம், செத்துப்போன ஆம்பளைங்க எழுதினதை ஏன் படிக்கணும்னு ஒரு பக்கம். அந்தக் கதைல உண்மையிலேயே என்னதான் எழுதியிருக்குன்னு யாரும் நிதானமா எடுத்துப் பார்த்த மாதிரி தெரியல. இங்க அதைத்தான் பார்க்கப் போறோம். கிரேக்கம், லத்தீன் எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம்.

முதல்ல ஒரு குடும்பக் கதை

உங்க வீட்லயே முப்பது வருஷம் முன்னாடி நடந்த ஒரு கல்யாணத்தை எடுத்துக்கோங்க, அத்தை கல்யாணம்னு வெச்சுக்கலாம். தாத்தாவைக் கேட்டா "நல்ல இடம், நான்தான் பேசி முடிச்சேன்"பார். பாட்டி "என்னை ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்"னு மூக்கைச் சிந்தும். எதிர் வீட்டு ஆச்சி, தான் ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பார்த்த மாதிரி ஒண்ணு சொல்லும். மாமா "லவ் மேரேஜ் மாதிரிதான்"னு சிரிப்பார். அத்தைகிட்ட பெரும்பாலும் யாரும் கேட்டிருக்கவே மாட்டாங்க, கேட்டாலும் அவங்க அம்மா முன்னாடி ஒரு மாதிரியும் புருஷன் முன்னாடி வேற மாதிரியும் சொல்வாங்க. இதுல யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி, யார் சொல்றாங்க, யார்கிட்ட சொல்றாங்க, சொல்றதால அவங்களுக்கு என்னன்னு நாமளே தன்னால யோசிப்போம். குடும்பக் கதைல இந்த சாமர்த்தியம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. புராணம்னு வந்துட்டா மட்டும் அதைக் கழட்டி வெச்சுடுறோம்.

ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். குடும்பக் கதைக்கு அடியில நிஜமாவே நடந்த ஒரு சம்பவம் இருக்கும். தொன்மத்துக்கு அதுவும் கிடையாது. தொன்மம்னா ஒரு ஊர் ஜனம் மொத்தத்துக்கும் தெரிஞ்ச, யார் முதல்ல சொன்னாங்கன்னு தெரியாத, தலைமுறை தலைமுறையா சொல்லிட்டு வர்ற பழங்கதை. அதை ஒரு ஆள், ஒரு காலத்துல, ஒரு கூட்டத்துக்குச் சொன்ன ஒரு வடிவம்தான் வெர்ஷன். நம்ம கைக்குக் கிடைக்கிறது எப்பவுமே வெர்ஷன்தான், அதைத் தாண்டி அந்தப் பக்கம் 'ஒரிஜினல்'னு ஒண்ணு உக்காந்திருக்கல.

கிரேக்கர்களுக்கு இது சாதாரண விஷயம். ஒரு எழுத்துகூட மாறக்கூடாதுங்கிற வேதப் புத்தகம் அவங்ககிட்ட இல்ல. யூரிபிடீஸ்னு ஒரு நாடகாசிரியர், கி.மு. 415-ல போட்ட ஒரு நாடகத்துல ஹெலன் (இவளுக்காகத்தான் ட்ராய் போரே நடந்துச்சுன்னு கதை) ட்ராய் நகரத்துக்குப் போன, எல்லாரும் கரிச்சுக் கொட்டுற பொம்பளை. கி.மு. 412-ல அதே ஆள் போட்ட இன்னொரு நாடகத்துல ஹெலன் ட்ராய்க்குப் போகவே இல்ல, போனது அவளை மாதிரி காத்துல செஞ்ச ஒரு போலி உருவம், அவ பாவம் எகிப்துல புருஷனுக்காகக் காத்துட்டு இருந்தா. மூணே வருஷத்துல தன் கதையைத் தானே கவுத்துட்டார், ஊர்ல யாரும் அவரை மதத் துரோகின்னு அடிக்க வரல.

ஒரு மாதுளை விதை, மூணு வாக்குமூலம்

இப்போ பெர்செஃபனிக்கு வருவோம். நமக்கு முழுசா கிடைச்சிருக்குற பழைய வெர்ஷன், பெர்செஃபனியோட அம்மாவும் விளைச்சல் தெய்வமுமான டிமீட்டர் தேவிக்கான ஹோமரிய துதிப்பாட்டு. ஹோமர்ங்கிற பழங்கவிஞர் பேர் ஒட்டியிருக்கே தவிர அவர் எழுதினது இல்ல, சுமாரா கி.மு. 7, 6-ஆம் நூற்றாண்டுக் காலம், கிட்டத்தட்ட 495 வரி. கதை இதுதான். பெர்செஃபனி தோழிங்களோட பூப்பறிச்சுட்டு இருக்கா. நூறு தலையோட ஒரு நார்சிசஸ் பூ, அவளை ஏமாத்தறதுக்குன்னே பூமித்தாய் முளைக்க வெச்சது, அதைப் பறிக்கக் கை நீட்டுறா, நிலம் பிளக்குது, ஹேடீஸ் தங்க ரதத்துல வந்து தூக்கிட்டுப் போறான். அவளுக்கு விருப்பம் இல்லன்னு பாட்டே பளிச்சுன்னு சொல்லுது, அதுல மழுப்பல் எதுவும் இல்ல. அவ அலறிக் கூப்பிடுறது தெய்வங்களுக்கெல்லாம் ராஜாவான அப்பா ஸீயஸை. ஆனா பொண்ணைக் குடுக்கச் சம்மதிச்சதே ஸீயஸ்தான். அவ அலறும்போது அவர் எங்க இருந்தார்? கொஞ்சம் தள்ளி, தன்னோட கோயில்ல, ஜனங்க கொண்டுவந்த படையலை வாங்கிட்டு உக்காந்திருந்தார். இந்த ஒரு வரியை கிளாஸ்ல சத்தமா படிச்சா போதும், பசங்க தாங்களே மீதியைப் பேச ஆரம்பிச்சுடுவாங்க.

அம்மா டிமீட்டர் ஒன்பது நாள் சோறு தண்ணி இல்லாம, குளிக்காம, கைல தீப்பந்தத்தோட தேடுறா. கடைசில சூரியன் ஹீலியோஸ்தான் நடந்ததைச் சொல்றான். சொல்லிட்டு சும்மா இருக்கானா? "விடுங்க, ஹேடீஸ் ஒண்ணும் மட்டமான மாப்பிள்ளை இல்ல, உங்க கூடப்பிறந்தவன், பெரிய ராஜ்ஜியத்துக்கு அதிபதி"ன்னு சமாதானம் பேசுறான். டிமீட்டர் கேக்கல. கோயிலுக்குள்ள போய் உக்காந்து பயிரே முளைக்காம பண்ணிடுறா. மனுஷங்க பட்டினில செத்துட்டா சாமிங்களுக்கு யார் படையல் போடுவாங்க? ஸீயஸ் இறங்கி வந்துதான் ஆகணும், தூதுவன் ஹெர்மிஸை அனுப்பி பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்றார்.

இப்போதான் அந்த மாதுளை விதை. பாதாளத்துல எதையாவது சாப்பிட்டா முழுசா திரும்ப முடியாது. பாட்டைச் சொல்றவர் என்ன சொல்றார்னா, பெர்செஃபனி சந்தோஷத்துல துள்ளி எழுந்தா, ஹேடீஸ் யாருக்கும் தெரியாம நைசா ஒரு விதையைச் சாப்பிடக் குடுத்தான். அம்மாகிட்ட வந்து சேர்ந்ததும் அம்மா கேக்குற முதல் கேள்வி "அங்க ஏதாவது சாப்ட்டியா?" பெர்செஃபனி சொல்ற பதில்ல மட்டும் ஒரு விஷயம் கூடுது: "அவன் என்னை வலுக்கட்டாயப்படுத்தி திங்க வெச்சான்."

மூணாவது வாக்குமூலம் கிட்டத்தட்ட அறுநூறு வருஷம் கழிச்சு ஓவிட்கிட்ட. (அவர்கிட்ட பேரெல்லாம் ரோமன் பேரா மாறும், ஸீயஸ் ஜூபிடர் ஆயிடுவார், டிமீட்டர் செரெஸ் ஆயிடுவா. நான் முடிஞ்ச வரைக்கும் கிரேக்கப் பேரையே வெச்சுக்கறேன்.) ஓவிட்ல யாரும் ஊட்டல, மிரட்டல. பொண்ணு தோட்டத்துல திரிஞ்சப்போ தானே ஒரு மாதுளையைப் பறிச்சு ஏழு விதை தின்னுட்டா. அஸ்கலாஃபஸ்னு ஒருத்தன் பார்த்துட்டுப் போட்டுக் குடுத்துடுறான், அதுக்கு அவனை ஆந்தையாக்கி விடுறா. துதிப்பாட்டுல வருஷத்துல மூணுல ஒரு பங்கு பாதாளத்துல, ஓவிட்ல பாதிக்குப் பாதி.

பெர்செஃபனி அம்மாகிட்ட பொய் சொன்னாளா, இல்ல பாட்டுக்காரர் முழுசா சொல்லலையா? துதிப்பாட்டு இதுக்குப் பதில் சொல்லாம அப்படியே விட்டுடுது. அம்மா முன்னாடி அத்தை சொல்ற மாதிரிதான். இந்த மூணு பகுதியையும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல அடிச்சுக் குடுத்தா அதுவே ஒரு பீரியட் பாடம்.

அப்போ அது கல்யாணமா, கடத்தலா?

இங்கதான் கொஞ்சம் சரித்திரம் வேணும். பழைய ஏதென்ஸ்ல ஒரு பொண்ணுக்கு சட்டப்படி பொறுப்பான ஆம்பளைக்கு கைரியோஸ்னு பேரு, முதல்ல அப்பா, அப்புறம் புருஷன், அப்பா இல்லன்னா அண்ணனோ சித்தப்பாவோ. கல்யாண ஒப்பந்தம் கைரியோஸுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல நடக்குறது, பொண்ணோட சம்மதம் சட்டத்துக்குத் தேவையே இல்ல. மெனாண்டர்ங்கிற ஏதென்ஸ் நாடகாசிரியரோட நாடகங்கள்ல அந்த வாசகமே வருது: சட்டப்படியான பிள்ளைகளை விளைவிக்க இவளை உனக்குத் தர்றேன், கூட இவ்ளோ சீதனம். விளைவிக்கன்னா நிலத்தை உழுது விளைவிக்கிற அதே அர்த்தத்துலதான். பொண்ணுக்கு வயசு? செனஃபன்ங்கிற ஏதென்ஸ் எழுத்தாளர் எழுதின ஒரு உரையாடல்ல ஒரு கனவான் தன் மனைவி கல்யாணமாகி வந்தப்போ பதினஞ்சுகூட ஆகலன்னு சாதாரணமா சொல்றார்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு துதிப்பாட்டைப் பார்த்தா ஸீயஸ் பக்கத்துல எல்லாம் முறைப்படிதான், அப்பா குடுத்தார், மாப்பிள்ளை எடுத்துக்கிட்டான். பொண்ணு பக்கத்துல இருந்து பார்த்தா நிலம் பிளந்து ஒருத்தன் வந்து இழுத்துட்டுப் போறான். பாட்டு ரெண்டையும் ஒரே சம்பவத்துக்குள்ள வெச்சிருக்கு, ஹீலியோஸ் ஒரு பக்கம் பேசுறான், டிமீட்டர் வயலைக் காயப்போட்டு இன்னொரு பக்கம் பேசுறா. என்னைக் கேட்டா பாட்டு அம்மா பக்கம்தான் சாயுது, ஏன்னா கடைசில விட்டுக்குடுக்கறது ஸீயஸ்தான். ஆனா முழுசா விட்டுக்குடுக்கல, அதையும் மறைக்காம சொல்லணும்.

கேக்குறவங்களுக்கு இது வெறும் கதையா இருந்திருக்காது. ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்துல ஃப்ராசிக்லியான்னு ஒரு பொண்ணோட கல்லறைச் சிலை இருக்கு, கி.மு. 6-ஆம் நூற்றாண்டு நடுவுல பரோஸ் தீவுச் சிற்பி அரிஸ்டியன் செதுக்கினது, 1972-ல மண்ணுக்கு அடியில இருந்து எடுத்தாங்க. தலைல பூ கிரீடம், கைல ஒரு தாமரை மொட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரியே நிக்குறா. அடியில அவளே பேசுற மாதிரி எழுதியிருக்கு: என்னை என்னைக்கும் கன்னின்னுதான் கூப்பிடுவாங்க, கல்யாணத்துக்குப் பதிலா தெய்வங்கள் எனக்கு இந்தப் பேரைக் குடுத்தாங்க. கல்யாணம் ஆகாம செத்த பொண்ணுங்களை ஹேடீஸோட மணப்பெண்ணுன்னு சொல்ற வழக்கமும் கிரேக்கர்கள்ட்ட இருந்துச்சு. அந்த ஊர்ல கல்யாணமும் சாவும் ஒரு அம்மாகிட்ட இருந்து பொண்ணைப் பிரிக்கிற ரெண்டு வழி. பெர்செஃபனி கதைல ரெண்டும் ஒண்ணாகுது.

இது வரைக்கும் வந்ததைச் சுருக்கமா சொன்னா: தொன்மத்துக்கு ஒரிஜினல் இல்ல, வெர்ஷன்கள்தான் இருக்கு. ஒவ்வொரு வெர்ஷனுக்குள்ளயும் பல பேர் பேசுறாங்க. அப்பாவுக்குக் கல்யாணமா தெரியுறது பொண்ணுக்குக் கடத்தலா இருக்கலாம்.

'இது காதல்தான்'னு சொன்ன ஆள்

ஓவிட் வெர்ஷனை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏன்னா கொலம்பியால சண்டை வந்தது அதுக்குத்தான். அதுல தூக்கிட்டுப் போகும்போது பொண்ணோட உடுப்பு கிழிஞ்சு மடில இருந்த பூவெல்லாம் கொட்டிப் போகுது, அந்த நேரத்துலயும் அவ அந்தப் பூ போச்சேன்னும் சேர்த்து அழறான்னு ஓவிட் எழுதுறார். அவ்ளோ சின்னப் பொண்ணு. இதை வெறும் வர்ணனை அழகுன்னு தாண்டிப் போக எப்படி மனசு வருதோ.

ரதம் போற வழில சியானின்னு ஒரு நீர்த்தேவதை இடுப்பளவு தண்ணில எழுந்து நின்னு மறிக்கிறா. அவ சொல்றது: "பொண்ணைக் கேட்டிருக்கணும், பறிச்சிருக்கக் கூடாது. என்னையும் ஒருத்தன் விரும்பினான், ஆனா கேட்டுக் கெஞ்சித்தான் கட்டிக்கிட்டான், இவளை மாதிரி மிரட்டி இல்ல." ரெண்டாயிரம் வருஷப் பழைய கவிதை இது. இன்னைக்கு நாம சம்மதம் சம்மதம்னு பேசுறதை அந்தக் காலத்து மேல திணிக்கறோம்னு சொல்றவங்க இந்தப் பகுதியைப் படிக்கணும். ரதம் நிக்கல, சியானி அழுது அழுது தண்ணியாவே கரைஞ்சு போறா.

அப்புறம் அம்மா போய் ஜூபிடர்கிட்ட முறையிடுறா. அவர் பதில்தான் முக்கியம். நடந்ததுக்குச் சரியான பேரைச் சொல்லணும்னா இது அநியாயம் இல்ல, காதல், அப்படிங்கறார். கூடவே ஹீலியோஸ் மாதிரியே, மாப்பிள்ளை என் கூடப்பிறந்தவன், இதுல நமக்கென்ன கௌரவக் குறைச்சல்னும் கேக்குறார்.

ஆக, இந்தக் கதையைக் காதல் கதைன்னு சொல்றது ஓவிடோட தீர்ப்பு இல்ல, கதைக்குள்ள இருக்குற ஒரு கட்சிக்காரரோட வாதம், அதுவும் பொண்ணைக் குடுத்தவரோட வாதம். நாம பாடப்புத்தகத்துல 'காதல் கதைகள்'னு தலைப்புப் போட்டு இதை உள்ள சேர்க்கும்போது, தெரியாமயே ஜூபிடர் பக்கம் போய் நின்னுடுறோம். அதுக்காக ஓவிடைத் தூக்கிப் போட்டா சியானியும் சேர்ந்து போயிடுவா, அது வேற நஷ்டம்.

டாஃப்னி: ஓடுற பொண்ணுகிட்ட பயோடேட்டா

ஓவிட் கி.மு. 43-ல பிறந்தவர், கி.பி. 8-ல சக்கரவர்த்தி அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் ஓரத்துல டோமிஸ்ங்கிற ஊருக்கு நாடு கடத்திட்டார், இன்னைக்கு ருமேனியால கான்ஸ்டான்சா. காரணம் ஒரு கவிதையும் ஒரு தப்பும்னு ஓவிடே சொல்றார். அந்தக் கவிதை காதல் பண்றது எப்படின்னு கிண்டலா பாடம் நடத்துற ஒண்ணு. 'மெட்டமார்ஃபோசிஸ்' 15 பாகம், எல்லாமே உருமாற்றக் கதைகள், அதாவது மனுஷங்க மரமா, பறவையா, கல்லா மாறுற கதைகள். இதுல நிறைய காரணக் கதைகளும் கூட. காரணக் கதைன்னா இப்போ இருக்குற ஒரு பழக்கமோ பொருளோ ஏன் அப்படி வந்துச்சுன்னு சொல்றது. டாஃப்னி கதை, அப்பல்லோங்கிற தெய்வத்துக்கு ஏன் லாரல் இலைன்னு சொல்ற காரணக் கதை.

அப்பல்லோ குட்டிப் பையனான காதல் தெய்வம் கியூபிடைக் கேலி பண்றார், அவன் கடுப்பாகி இவர் மேல தங்க அம்பும் டாஃப்னி மேல ஈய அம்பும் விடுறான். தங்கம் ஆசையைக் கிளப்பும், ஈயம் வெறுப்பை. டாஃப்னி ஓடுறா, இவர் துரத்துறார். துரத்திக்கிட்டே பேசுறார் பாருங்க, அங்கதான் ஓவிட். "மெதுவா ஓடும்மா, விழுந்துடப் போற, முள்ளு குத்திடப் போகுது, நீ கொஞ்சம் மெதுவா ஓடினா நானும் கொஞ்சம் மெதுவா துரத்துறேன்." அப்புறம் பயோடேட்டா: நான் ஆடு மேய்க்கிறவன் இல்ல, டெல்ஃபி என்னோடது, எங்கப்பா ஜூபிடர், மருத்துவம் நான் கண்டுபிடிச்சது. அவ கலைஞ்ச தலைமுடியைப் பார்த்து "இதைச் சீவி விட்டா எப்படி இருக்கும்"னு வேற யோசிக்கிறார். கிளாஸ்ல இந்த இடத்துல பசங்க கட்டாயம் சிரிப்பாங்க, சிரிக்க விடணும், ஓவிட் சிரிக்க வைக்கத்தான் எழுதியிருக்கார். ஏன்னா அடுத்த சில வரில அப்பல்லோ முயலைத் துரத்துற வேட்டை நாயா ஆயிடுறார், அவரோட மூச்சு அவ பின்கழுத்துல படுது. சிரிச்சவங்க அத்தனை பேர் வாயும் மூடிக்கும்.

அவ அப்பாவான ஆத்து தெய்வத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சுறா, மரமா மாறுறா. அப்பல்லோ மரத்துல கை வைக்கிறார், பட்டைக்கு அடியில நெஞ்சு இன்னும் துடிச்சுட்டு இருக்கு. முத்தம் குடுக்கறார், மரமும் விலகுது. "மனைவியா ஆக முடியாட்டி என் மரமா இரு"ங்கறார். கடைசில லாரல் தலையை ஆட்டின மாதிரி தெரிஞ்சுதாம். யாருக்குத் தெரிஞ்சுது? ஓவிட் சொல்லல. மரம் சம்மதிச்சுச்சான்னு ஒரு கேள்வியைப் போட்டா போதும், கொஞ்ச நேரம் முன்னாடி மரம் முத்தத்துக்கு விலகினதை யாராவது ஒரு பொண்ணு ஞாபகப்படுத்தும்.

இந்தக் காட்சியை வெச்சு இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622-ல ஆரம்பிச்சு 1625-ல முடிச்ச சலவைக்கல் சிலை, ரோம்ல போர்கீஸே கேலரில இருக்கு, விரல் நுனில இலை முளைக்கிற அந்த நொடி. ஒரு கார்டினல் (கத்தோலிக்கத் திருச்சபைல பெரிய பதவி) வீட்ல இப்படி ஒரு சிலையான்னு பேச்சு வரக்கூடாதுல்ல, அதனால அடியில லத்தீன்ல ரெண்டு வரி நீதி செதுக்கினாங்க, ஓடுற இன்பத்தைத் துரத்துறவன் கைக்கு இலையும் கசப்புக் காயும்தான் மிஞ்சும்னு. எழுதினவர் பின்னாடி போப் ஆனவர். டாஃப்னி பயந்து ஓடின கதை, ஆம்பளைங்களுக்கு அடக்கம் சொல்ற கதையாயிடுச்சு பாருங்க. அதுவும் ஒரு வெர்ஷன்தான்.

மத்ததெல்லாம் கொஞ்சம் வேகமா

பாட்டுக்காரன் ஆர்ஃபியஸ் செத்த மனைவியை மீட்கப் பாதாளம் போய், திரும்பிப் பார்த்து இழந்தான்னு நமக்குத் தெரியும், அந்த உருக்கம் பெரும்பாலும் ரோமன் கவிஞர்கள் வர்ஜிலும் ஓவிடும் குடுத்தது. அவங்களுக்கு முன்னாடி கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோவோட 'சிம்போசியம்'ல ஒருத்தர் சொல்ற வெர்ஷன்ல ஆர்ஃபியஸ் ஒரு கோழை, காதலுக்காகச் சாகத் துணிவில்லாம உயிரோடயே உள்ள நுழையப் பார்த்தவன், அதனால தெய்வங்கள் மனைவியோட நிழலை மட்டும் காட்டி அனுப்பிட்டாங்க.

நார்சிசஸ் தன் பிம்பத்தையே காதலிச்ச கதை. 2-ஆம் நூற்றாண்டுல கிரேக்கம் முழுக்கச் சுத்தின பவுசேனியஸ் இதைக் கேட்டுட்டு, காதல் வர்ற வயசுல இருக்குற ஒருத்தனுக்கு ஆளுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியாதா, சுத்த முட்டாள்தனம்னு எழுதி வெச்சுட்டார். செத்துப்போன இரட்டைத் தங்கச்சியோட முகத்தைத்தான் தண்ணில தேடினான்னு இன்னொரு வெர்ஷனும் சொல்றார். அதோட விடல, பெர்செஃபனி தூக்கப்பட்டப்போவே நார்சிசஸ் பூ இருந்துச்சே, அப்புறம் எப்படி இவன் செத்துப் பூ வந்துச்சுன்னும் மடக்குறார். இவரை மாதிரி ஒரு ஸ்டூடண்ட் கிளாஸ்க்கு ஒண்ணு இருந்தா போதும்.

பிக்மேலியன்ங்கிற சிற்பி செஞ்சு, தானே காதலிச்ச சிலைக்கு கேலட்டியான்னு பேரு வந்தது 18-ஆம் நூற்றாண்டுல, ஓவிட்ல அவளுக்குப் பேரே கிடையாது. கியூபிட் சைக்கிங்கிற பொண்ணைக் காதலிக்கிற கதை கிரேக்கக் கதைன்னே எல்லா லிஸ்ட்லயும் இருக்கும், ஆனா நமக்குக் கிடைக்கிறது 2-ஆம் நூற்றாண்டுல இப்போ அல்ஜீரியாவா இருக்குற பகுதில பிறந்த அப்யூலியஸ் லத்தீன்ல எழுதினது. கிரேக்கம்னு நாம லேபிள் ஒட்டுறதுல பாதிக்கு மேல ரோமன் டப்பா.

நம்ம கைக்கு வரும்போது ஏன் இவ்ளோ ஸ்வீட்டா இருக்கு?

1855-ல பாஸ்டன்ல தாமஸ் புல்ஃபின்ச்னு ஒரு பேங்க் கிளார்க், குடும்பத்தோட உக்காந்து படிக்கிற மாதிரி இந்தக் கதைகளை எழுதி ஒரு புத்தகம் போட்டார். ரசனைக்கும் ஒழுக்கத்துக்கும் ஒவ்வாததை விட்டுட்டேன்னு முன்னுரைலயே ஒத்துக்கிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனா அதுக்கப்புறம் வந்த குழந்தைகள் புத்தகங்கள்ல இனிப்பு மட்டும் மிஞ்சிச்சு, முன்னுரை காணாம போச்சு. 'ஹேடீஸ் பெர்செஃபனியை விரும்பி ராணியாக்கிக்கிட்டான்'னு ஒரே வாக்கியத்துல முடிச்சுடுவாங்க, சியானி இருக்க மாட்டா, படையல் வாங்கிட்டிருந்த அப்பாவும் இருக்க மாட்டார்.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒண்ணு சுத்துது: "ரொம்பப் பழைய, ஒளிச்சு வெச்ச ஒரிஜினல்ல பெர்செஃபனி தானா விரும்பித்தான் போனா, பின்னாடி ஆம்பளைங்க மாத்திட்டாங்க"ன்னு. அப்படிச் சொல்ற பழைய கிரேக்கப் பிரதி எதுவும் நம்மகிட்ட இல்ல. 1970-கள்ல அமெரிக்கால மறுகற்பனையா எழுதினது படிப்படியா 'ஒரிஜினல்' ஆயிடுச்சு. விரும்பிப் போற பெர்செஃபனியை யாரும் எழுதலாம், வெப்டூன் போடலாம், யூரிபிடீஸ் பண்ணதும் அதானே. தேதியை மட்டும் மாத்தக்கூடாது.

சரி, கிளாஸ்ல எப்படித்தான் நடத்துறது?

முதல் நாளே சொல்லிடுங்க, அடுத்த வாரம் படிக்கிறதுல பொண்ணைக் கடத்துற காட்சி இருக்கு, கஷ்டமா இருந்தா வந்து சொல்லுங்கன்னு. இதுல எந்தப் பாடமும் கெட்டுப் போகாது, ஒரு நிமிஷ வேலை. கடத்தலைக் கடத்தல்னே சொல்லுங்க. மழுப்பினா, அதை அனுபவிச்ச பொண்ணு கிளாஸ்ல இருந்தா அதுக்குப் புரியும், நீங்க யார் பக்கம்னு.

அடுத்தது, ஒரு வெர்ஷனை மட்டும் குடுக்காதீங்க, குறைஞ்சது ரெண்டு. கேள்வி எல்லாத்துக்கும் ஒண்ணேதான்: யார் சொல்றாங்க, யாருக்குச் சொல்றாங்க, யார் வாயே திறக்கல. மொழியழகைப் பத்தியும் தாராளமா பேசலாம், பேசணும். இவ்ளோ கொடூரத்தை ஏன் இவ்ளோ அழகா எழுதுறார், நம்மளை அப்பல்லோ கண் வழியா பார்க்க வெச்சு அப்புறம் எங்க மாட்டி விடுறார்னு கேட்டா அழகும் கொடூரமும் ஒரே பாடத்துல வந்துடும். கொலம்பியால அந்தக் கட்டுரை எழுதினவங்க சொன்ன குறை, அழகு மட்டும் பேசப்பட்டுச்சுங்கறதுதான்.

எழுத்துப் பயிற்சி வேணும்னா பேசாத ஆள் எழுதுற கடிதம் ஒண்ணு எழுதச் சொல்லலாம். இது ஏதோ நவீன டெக்னிக்னு நினைக்க வேண்டாம், ஓவிடே அப்படி ஒரு தொகுப்பு எழுதியிருக்கார், பெனலபி, டைடோ, மீடியா மாதிரி புராணப் பொண்ணுங்க புருஷனுக்கும் காதலனுக்கும் எழுதுற கடிதங்கள். இங்கிலாந்துல ஏ-லெவல் (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) கிளாசிக்கல் சிவிலைசேஷன், அதாவது பழைய கிரேக்க, ரோமன் நாகரிகப் பாடத்துல 'காதலும் உறவுகளும்'னு ஒரு பேப்பர் இருக்கு, அதுல சாஃபோ, பிளேட்டோ, செனெக்கா, ஓவிட்னு கிரேக்க, ரோமன் எழுத்தாளர்கள் நாலு பேரையும் எதிரெதிரா உக்கார வெச்சுப் படிக்கிறாங்க. அதுவும் இதே வழிதான்.

வயசு பார்த்துக் கதையைத் தேர்ந்தெடுக்கறதும் வாத்தியார் வேலைதான். சின்னப் பசங்களுக்கு ஓவிட்லயே பாசிஸ், ஃபிலமன் இருக்காங்க. ஏழைக் கிழவனும் கிழவியும், மாறுவேஷத்துல வந்த தெய்வங்களுக்கு இருந்த ஒரே வாத்தைப் பிடிச்சுச் சமைக்கத் துரத்துறாங்க, வாத்து அந்த வயசானவங்களை மூச்சு வாங்க வெச்சுட்டு நேரா தெய்வங்க காலடில போய் ஒளிஞ்சுக்கும். ஒருத்தர் சாவை ஒருத்தர் பார்க்கக் கூடாதுன்னு வரம் கேட்டு, ஓக் மரமும் லிண்டன் மரமுமா ஒண்ணா நிக்கிறவங்க. எட்டாவது ஒன்பதாவதுக்கு ஹோமரோட 'ஒடிசி'ல பெனலபி தன் புருஷன் ஒடிசியஸுக்கு வைக்கிற கட்டில் பரீட்சை: இருபது வருஷம் கழிச்சு வந்தவன் நிஜமாவே புருஷன்தானான்னு பார்க்க, கட்டிலை வெளில எடுத்துப் போடச் சொல்றா, வேரோட நிக்கிற ஆலிவ் மரத்துல நானே செஞ்ச கட்டிலை எவன்டா நகர்த்தினான்னு அவன் கத்துறான். அதுல பொண்ணு பரீட்சை வைக்கிறா, ஆம்பளை எழுதுறான். டாஃப்னியும் பெர்செஃபனியும் அதுக்கு மேல உள்ள வகுப்புகளுக்கு.

கடைசியா எக்ஸாம் கேள்வி. "பெர்செஃபனி கதை காதல் கதையா? விளக்குக"ன்னு அஞ்சு மார்க் கேள்வி போட்டா கைடுல இருக்குறதைத்தான் எழுதுவாங்க. "ஜூபிடர் சொல்றதுக்கு சியானி என்ன பதில் சொல்லியிருப்பா?"ன்னு கேளுங்க. எந்த வெர்ஷன்ல இருந்து சொல்றோம்னு குறிப்பிட்டு, அதுல இருக்குற வரிகளைக் காட்டி எழுதியிருந்தா, எந்தப் பக்கம் நின்னாலும் முழு மார்க் போட்டுடலாம்.